உங்களுக்குத் தெரியுமா? ‘மாஸ்கோ பேசுகிறது!’ – யூரி லெவித்தான்

◆ இரண்டாம் உலகப் போரைப் பற்றிய ரஷ்ய ஆவணப்படம் எதைப் பார்த்தாலும் ஒரு குரல் வந்துவிடும். கனத்த ஆண் குரல். அவசரமே இல்லாமல், சொல்லுக்குச் சொல் அழுத்தம் கொடுத்து, ஜெர்மனி படையெடுத்துவிட்டது என்று அறிவிக்கும். மொழி தெரியாதவர்களுக்கும் மயிர்க்கூச்செறியும். ஆனால் நாம் கேட்கும் அந்த ஒலிப்பதிவு 1941இல் எடுத்ததல்ல. போர்க்காலச் செய்திகளில் பெரும்பாலானவை நேரடி ஒலிபரப்பில் வாசிக்கப்பட்டவை. அவற்றை யாரும் பதிவு செய்து வைக்கவில்லை. போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பின், 1950களில், காப்பகத்துக்காக அதே வாசகங்களை அதே மனிதரை ஸ்டுடியோவுக்கு அழைத்து மறுபடி வாசிக்க வைத்தார்கள். அவர்தான் சோவியத் வானொலியின் செய்தி அறிவிப்பாளர் யூரி லெவித்தான். நடந்து முடிந்துபோன ஒரு துயரத்தை, அது இப்போதுதான் நடக்கிறது என்று கேட்பவர் நம்பும்படி இரண்டாம் முறை வாசித்தாரே, அவருடைய திறமைக்கு அந்த ஒன்றே சாட்சி.

◆ லெவித்தான் 1914 அக்டோபர் 2ஆம் தேதி, மாஸ்கோவுக்குக் கிழக்கே உள்ள விளாதிமிர் என்ற பழைய நகரத்தில், யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அப்பா தையற்காரர். சிறு வயதிலேயே பையனுக்குத் தொண்டை அப்படி. தெருப் பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் ‘எக்காளம்’. விளையாடப் போன பிள்ளைகள் பொழுது சாய்ந்தும் வீடு திரும்பாவிட்டால், அக்கம்பக்கத்துத் தாய்மார்கள் இவரிடம்தான் வந்து கூப்பிடச் சொல்வார்களாம்.

◆ அவருக்கு வானொலியில் சேரும் எண்ணமே இருந்ததில்லை. சினிமா நடிகராக வேண்டும் என்பதுதான் கனவு. 1931இல், 17 வயதில், நண்பருடன் மாஸ்கோவுக்கு வந்து திரைப்படப் பயிற்சிப் பள்ளியில் விண்ணப்பித்தார். தேர்வுக் குழு திருப்பி அனுப்பிவிட்டது. காரணம், ஊர்ப் பேச்சு. மாஸ்கோக்காரர்கள் அழுத்தமில்லாத ‘ஒ’ ஒலியை ‘அ’ போல உச்சரிப்பார்கள். விளாதிமிர் வட்டாரத்தில் அதை ‘ஒ’ என்றே உருட்டிச் சொல்வார்கள். தலைநகரத்தார் ‘மஸ்க்வா’ என்பதை இவர் ‘மொஸ்க்வா’ என்றார்.

பிற்காலத்தில் அவருக்கு அடையாளமாகிப்போன ‘மாஸ்கோ பேசுகிறது’ என்ற அறிவிப்பை ரஷ்ய மொழியில் எழுதிப் பாருங்கள். ‘கொவொரீத் மொஸ்க்வா’. மூன்று இடத்தில் அந்த ‘ஒ’ வருகிறது. மூன்றையும் ‘அ’ ஆக்கி, ‘கவரீத் மஸ்க்வா’ என்று சொல்லக் கற்றுக்கொண்ட பிறகுதான் அந்த இரண்டு சொற்கள் அவருடையவை ஆயின. பிறவிக் குரல் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். தொண்டை பிறவியில் வந்ததுதான். அந்த நாக்கு அவர் பாடுபட்டுச் சம்பாதித்தது.

◆ சினிமாக் கதவு சாத்தப்பட்ட அந்த நாட்களில்தான் வானொலி அறிவிப்பாளர் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற விளம்பரம் கண்ணில் பட்டது. ஊருக்குத் திரும்புமுன் அதையும் பார்த்துவிடலாம் என்று போனார். தேர்வுக் குழுவில் இருந்தவர்களில் ஒருவர் வசீலி கச்சாலவ். மாஸ்கோ கலை அரங்கின் பெரும் நடிகர், ரஷ்ய நாடக மேடையின் மிகச் சிறந்த குரல்களில் ஒன்று என்று பெயர் பெற்றவர். எதிரே நிற்பவன் விளையாட்டு உடுப்பில் வந்த நாட்டுப்புறத்துப் பையன். உச்சரிப்போ கேட்கவே வேண்டாம். ஆனாலும் அந்தக் குரலை விட்டுவிட மனம் வராமல் பயிற்சியில் சேர்த்துக்கொண்டார்கள். குரலைக் கேட்டுப் பழகிய ஒருவர் அந்த மேசைக்குப் பின்னால் இருந்தது லெவித்தானின் நல்லகாலம்.

◆ சேர்ந்ததும் மைக் கொடுத்துவிடவில்லை. அலுவலகத்தில் காகிதக் கட்டுகளை அறைக்கு அறை கொண்டுபோய்க் கொடுப்பது, மூத்த அறிவிப்பாளர்களுக்குத் தேநீர் வாங்கி வருவது, மிஞ்சிய நேரத்தில் உச்சரிப்புப் பயிற்சி. கலை அரங்கின் ஆசிரியர்களிடம் பாடம். இரவில் ஸ்டுடியோ காலியான பிறகு தனியாக வாசிப்பு. கையில் உள்ள தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வாசிப்பார். தாளை ஒருவர் சுற்றிக்கொண்டே இருக்க, இவர் தடுமாறாமல் வாசிப்பார். தலைகீழாகக் கைகளில் நின்றுகொண்டும் வாசிப்பார் என்றெல்லாம் உடன் இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வித்தை காட்டுவதற்காகச் செய்ததல்ல இது. எது நடந்தாலும் கண் வரியை விட்டு நகரக்கூடாது, மூச்சு வாக்கியத்தின் நடுவில் அறுந்துவிடக்கூடாது என்பதற்கான பயிற்சி. அந்தக் காலத்துச் செய்தி அறையில் தாள் கடைசி நிமிடத்தில்தான் கைக்கு வரும். ஒருமுறை படித்துப் பார்க்கக்கூட நேரம் இருக்காது.

◆ 1934 ஜனவரியில் ஒரு நள்ளிரவு. அந்த நேரத்தில் ‘பிராவ்தா’ நாளிதழின் கட்டுரைகளை வானொலியில் மிக மெதுவாக, அசை அசையாகப் பிரித்து வாசிப்பார்கள். பொதுமக்களுக்காக அல்ல. தொலைதூர ஊர்ப் பத்திரிகை அலுவலகங்களில் அதைக் கேட்டு எழுதிக்கொண்டு, காலைப் பதிப்பில் அச்சிடுவார்கள். இப்படிச் சொல்வதெழுதல் நடத்துவது புதிய ஆட்களுக்குக் கொடுக்கும் வேலை. அன்றிரவு அந்த முறை 19 வயது லெவித்தானுடையது.

கிரெம்ளினில் ஸ்டாலின் விழித்திருந்தார். மறுநாள் கம்யூனிஸ்ட் கட்சியின் 17ஆவது மாநாட்டில் பேச வேண்டிய அறிக்கை அவர் மேசைமேல். வானொலி ஓடிக்கொண்டிருந்தது. உடனே வானொலிக் குழுத் தலைவருக்குத் தொலைபேசி போனது. தன் அறிக்கையை வானொலியில் இந்தக் குரல்தான் வாசிக்க வேண்டும் என்பது உத்தரவு. மறுநாள் மூடி முத்திரையிட்ட உறை ஸ்டுடியோவுக்கு வந்தது. லெவித்தான் ஐந்து மணி நேரம் வாசித்தார். ஒரு சொல்கூடப் பிசகவில்லை என்பார்கள். அன்றோடு தேநீர் வாங்கும் வேலை முடிந்தது.

◆ அந்த 17ஆவது மாநாட்டைப் பற்றி இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ‘வெற்றியாளர்களின் மாநாடு’ என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். வந்திருந்த பிரதிநிதிகள் 1,966 பேர். அவர்களில் 1,108 பேர் பிறகு கைது செய்யப்பட்டார்கள் என்று 1956இல் கட்சித் தலைவர் குருஷ்சேவ் கட்சிக்குள்ளேயே வெளியிட்டார். லெவித்தானின் குரலுக்குப் புகழ் தந்த அறிக்கையைக் கைதட்டி வரவேற்றவர்களில் பாதிப் பேருக்கு மேல் இப்படிப் போனார்கள். செய்தி வாசிப்பவர் கையில் உள்ள தாளை எழுதியது வேறொருவர். அதில் உள்ளது உண்மையா என்று கேட்கும் இடத்தில் அவர் இல்லை. ஆனால் கேட்பவர்கள் நம்புவது அவர் குரலை. லெவித்தானின் வாழ்க்கையைப் படிக்கும்போது இந்த உறுத்தல் கடைசிவரை கூடவே வரும். வரத்தான் வேண்டும்.

◆ போர் மூண்டதை முதலில் அறிவித்தவர் லெவித்தான் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. 1941 ஜூன் 22 பகல் 12.15க்கு வானொலியில் அதைச் சொன்னவர் வெளியுறவு அமைச்சர் மொலொத்தவ். அவர் பேசி முடித்த பிறகு, அந்த அறிக்கையை அன்று முழுவதும் திரும்பத் திரும்ப வாசித்தவர் லெவித்தான். அதனால்தான் மக்கள் நினைவில் அது இவர் குரலாகவே தங்கிவிட்டது.

தாக்குதல் தொடங்கியது விடிகாலையில். நண்பகல்வரை வானொலியில் வழக்கமான ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிகள் போய்க்கொண்டிருந்தன. தலைக்கு மேல் விமானங்கள் பறக்கின்றன, குண்டு விழுகிறது, வானொலி ஏன் வாய் திறக்கவில்லை என்று பல நகரங்களிலிருந்து தொலைபேசி மேல் தொலைபேசி வந்ததை லெவித்தான் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஸ்டாலின் நாட்டு மக்களிடம் வானொலியில் பேசியது ஜூலை 3ஆம் தேதிதான்.

◆ போர் தொடங்கி மூன்று நாள் கழித்து, ஜூன் 25இல், தனியார் வீடுகளில் உள்ள வானொலிப் பெட்டிகளை எல்லாம் ஒப்படைத்துவிட வேண்டும் என்று முடிவாயிற்று. எதிரியின் ஒலிபரப்பை யாரும் கேட்டுவிடக் கூடாதே! மிஞ்சியது கம்பிவழி ஒலிபரப்பு. வீட்டுச் சுவரில் கறுப்புக் காகிதக் கூம்பு வைத்த ஒலிபெருக்கி. மக்கள் அதைத் ‘தட்டு’ என்பார்கள். தெருமுனைக் கம்பத்தில் பெரிய ஒலிபெருக்கி. நிலையத்தைத் திருப்ப முடியாது, ஒரே நிலையம்தான். கோடிக்கணக்கான மக்களுக்குப் போர்முனைக்குப் போன மகனைப் பற்றி, விட்டுவந்த ஊரைப் பற்றி அறிய வேறு காது இல்லை. அவ்வளவு பாரமும் ஒரு சில அறிவிப்பாளர்களின் தொண்டைமேல் வந்து விழுந்தது.

◆ முற்றுகைக்குள்ளான லெனின்கிராதில் நிகழ்ச்சிகளுக்கு இடையே ‘தட்டு’ மௌனமாக இருக்காது. தாளக் கருவியின் ‘டக் டக்’ ஒலி வந்துகொண்டே இருக்கும். மெதுவாக அடித்தால் ஆபத்தில்லை. வேகமாக அடித்தால் விமானத் தாக்குதல். ஒலி கேட்கிறது என்றாலே நகரம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பொருள்.

◆ போர்ச் செய்திகளை எழுதித் தந்தது 1941 ஜூன் 24இல் அமைக்கப்பட்ட ‘சோவியத் தகவல் பணியகம்’. தோல்விகளை அது நேராகச் சொல்லாது. ‘ஸ்மலேன்ஸ்க் திசையில் கடும் சண்டை’ என்று வரும். திசை என்ற சொல்லோடு ஓர் ஊரின் பெயர் வந்தாலே அந்த ஊருக்கு ஆபத்து நெருங்கிவிட்டது என்று மக்கள் கணக்குப் போட்டுக்கொண்டார்கள்.

அதைவிட நுட்பமாக இன்னொன்றையும் கற்றுக்கொண்டார்கள். லெவித்தான் ‘கவனியுங்கள், மாஸ்கோ பேசுகிறது’ என்று தொடங்கும் தொனியிலேயே வரப்போவது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று தெரிந்துவிடுமாம். எழுதித் தந்த வாசகத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற அவருக்கு உரிமை கிடையாது. மூச்சும் இடைவெளியும் மட்டும்தான் அவருடையவை. அந்த இரண்டைக் கொண்டே அவர் மக்களோடு பேசினார் என்று எனக்குத் தோன்றுகிறது. செய்தி வாசிப்பு ஒரு கலைதான் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

◆ போர்க்காலத்தில் அவர் வாசித்த தகவல் பணியக அறிக்கைகள் சுமார் 2,000. அவசர அறிவிப்புகள் 120க்கு மேல்.

◆ ‘மாஸ்கோ பேசுகிறது’ என்று சொன்னபோதெல்லாம் அவர் மாஸ்கோவில்தான் இருந்தார் என்று சொல்ல முடியாது! ஜெர்மானியப் படை தலைநகரை நெருங்கிய 1941 இலையுதிர் காலத்தில், லெவித்தானையும் சக அறிவிப்பாளர் ஓல்கா விசோத்ஸ்கயாவையும் சுமார் 1,400 கிலோமீட்டர் கிழக்கே, உரால் மலைப் பகுதியில் உள்ள ஸ்வெர்ட்லோவ்ஸ்க் நகருக்குக் கொண்டுபோனார்கள். இன்று அந்த நகரத்தின் பெயர் யெகத்தெரின்பூர்க். நிலவறையில் ஸ்டுடியோ. செய்தி தொலைபேசி வழியாக வரும். இவர்கள் வாசிப்பது பல நிலையங்கள் வழியாக அஞ்சலாகும். எங்கிருந்து கிளம்புகிறது என்று எதிரி கண்டுபிடிக்க முடியாது. 1943இல் அங்கிருந்து வோல்கா கரையில் உள்ள குய்பிஷெவ் நகருக்கு மாற்றம். உள்ளூர்க்காரர்களுக்கும் தெரியாத இந்த ரகசியம் போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் வெளியே வந்தது.

விசோத்ஸ்கயாவின் பெயரைச் சொல்லாமல் லெவித்தானைப் பற்றி எழுதுவது நியாயமில்லை. காலை உடற்பயிற்சி நிகழ்ச்சியில் அறிமுகமானவர். போர்க்கால ஒலிபரப்பின் சுமையில் பெரும் பங்கைத் தோளில் ஏற்றவர்.

◆ லெவித்தானின் தலைக்கு ஹிட்லர் விலை வைத்திருந்தார் என்று ஒரு கதை. ஒரு லட்சம் மார்க் என்பார் ஒருவர், இரண்டரை லட்சம் என்பார் இன்னொருவர். சொல்லச் சொல்லத் தொகை ஏறும் கதைகளை அந்த அளவிலேயே வைத்துக்கொள்வது நல்லது. அவருடைய குரல் ஒரு முழு டிவிஷன் படைக்குச் சமம் என்று மார்ஷல் ரொக்கொஸோவ்ஸ்கி சொன்னதாகவும் ரஷ்யாவில் சொல்வார்கள்.

◆ 1943 ஆகஸ்ட் 5. வழக்கமான போர் அறிக்கைதான் வரும் என்று லெவித்தான் காத்திருந்தார். நேரம் ஆகிறது, தாள் வரவில்லை. கடைசியில் வந்த உறையைப் பிரித்தால் உள்ளே இருந்தது புது மாதிரி. தலைமைத் தளபதியின் ஆணை! குர்ஸ்க் போரில் ஓரியோல், பெல்கோரத் ஆகிய இரண்டு நகரங்களும் மீட்கப்பட்டுவிட்டன. அதைக் கொண்டாட இன்று நள்ளிரவு மாஸ்கோவில் 120 பீரங்கிகள் 12 முறை முழங்கும். போர் தொடங்கியதிலிருந்து இப்படி ஒரு வாசகத்தை அவர் வாசித்ததே இல்லை. தொண்டை வறண்டுபோனது, அவசரமாக ஒரு வாய் தண்ணீர் குடித்து, சட்டைக் கழுத்துப் பட்டனைக் கழற்றிவிட்டுக்கொண்டு, மிச்ச வரிகளில் முழு மனதையும் கொட்டி வாசித்தேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். இரண்டு ஆண்டுகளாகத் துக்கச் செய்தியே வாசித்துப் பழகிய வாய். மாஸ்கோவின் முதல் வெற்றி முழக்கம் அதுதான். அதற்குப் பிறகு போர் முடியும்வரை எத்தனையோ முழக்கங்கள், எத்தனையோ ஆணைகள்.

◆ 1945 மே 9 அதிகாலையில், ஜெர்மனி சரணடைந்த செய்தியை வாசித்தவர் லெவித்தான். அன்று இரவு நடந்ததைத்தான் அவர் வாழ்நாள் முழுவதும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

இரவு 9.55க்கு வெற்றி ஆணையை வாசிக்க வேண்டும். கிரெம்ளினில் உறையைக் கையில் கொடுத்தாயிற்று. ஸ்டுடியோ இருந்ததோ செஞ்சதுக்கத்துக்கு அந்தப் பக்கம், கூம் என்ற பெரிய வணிக வளாகக் கட்டடத்துக்குப் பின்னால். நடந்தால் சில நிமிடம். ஆனால் சதுக்கம் முழுக்க மனிதத் தலை. லெவித்தானும் வானொலிக் குழுத் தலைவரும் கூட்டத்துக்குள் புகுந்து முட்டிப் பார்த்தார்கள். தோழர்களே, வழி விடுங்கள், முக்கிய வேலையாகப் போகிறோம் என்று கெஞ்சினார்கள். இந்த நேரத்தில் என்ன பெரிய வேலை, கொஞ்ச நேரத்தில் லெவித்தான் ஆணை வாசிக்கப் போகிறார், வெடி முழங்கப் போகிறது, எல்லாரையும் போல நின்று கேளுங்கள் என்று கூட்டம் அவர்களைத் தடுத்துவிட்டது!

நாடே அறிந்த குரல். முகத்தை யாருக்கும் தெரியாது. நான்தான் லெவித்தான் என்று உரக்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வழி கிடைத்திருக்கும் என்று நமக்குத் தோன்றும். அவர் அப்படிச் செய்யாமல், கிரெம்ளினுக்குள்ளேயே ஒரு வானொலி நிலையம் இருப்பது நினைவுக்கு வர, வந்த வழியே திரும்பி ஓடினார். உறையின் முத்திரையை உடைத்து, சரியாக 9.55க்கு வாசித்தார். சதுக்கத்தில் நின்று அவரைத் தடுத்தவர்களும் அதைக் கேட்டார்கள்.

◆ வீட்டில்? போருக்கு முன்பு திருமணம். ஒரு மகள். பின்னர் மனைவி பிரிந்துபோனார். ஆனால் மாமியார் மருமகனோடும் பேத்தியோடும் தங்கிவிட்டார். வீட்டை நடத்தியவர் அவர்தான். இரவும் பகலும் ஸ்டுடியோவுக்கு அழைப்பு வரும் மனிதருடைய வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த அம்மாவின் புண்ணியத்தில்.

◆ 1934இல் தன்னைக் கண்டெடுத்த மனிதரின் மரணச் செய்தியையும் லெவித்தானே வாசிக்க நேர்ந்தது. ஸ்டாலின் இறந்தது 1953 மார்ச் 5 இரவு. நாட்டுக்கு அறிவித்தது மறுநாள் அதிகாலை. அதற்கு முந்தைய நாட்களில் நோயாளியின் மூச்சு, நாடித்துடிப்பு விவரங்களோடு வந்த மருத்துவ அறிக்கைகளும் அதே வானொலியில்தான் வந்தன.

◆ 1961 ஏப்ரல் 12. மனிதன் விண்வெளிக்குப் போய்விட்டான் என்ற அறிவிப்பு. வாசித்தவர் லெவித்தான். அந்தப் பயணத்துக்கு ‘தாஸ்’ செய்தி நிறுவனம் மூன்று அறிக்கைகளை முன்கூட்டியே எழுதி உறையிலிட்டு வைத்திருந்தது. எல்லாம் நல்லபடி நடந்தால் ஒன்று. விண்கலம் வேறு எங்காவது இறங்கிவிட்டால் உதவி கேட்டு ஒன்று. விபரீதம் நடந்தால் ஒன்று. பிரிக்க நேர்ந்தது நல்ல உறை. அதில் விண்வெளி வீரர் ககாரினை ‘மேஜர்’ என்று எழுதியிருந்தது. புறப்படும்போது அவர் சீனியர் லெப்டினன்ட். பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தபோதே பதவி உயர்ந்துவிட்டது! பயணம் மொத்தம் 108 நிமிடம். வாழ்க்கையில் வாசித்த மிக மகிழ்ச்சியான செய்திகள் என்று லெவித்தான் போர் வெற்றியையும் ககாரினையும் சேர்த்தே சொல்வார்.

◆ பிறகு தொலைக்காட்சி வந்தது. அமைதிக் காலத்துச் செய்திகளுக்கு அவருடைய முழக்கக் குரல் பொருந்தவில்லை. பால் உற்பத்தியைப் பற்றி அந்தக் குரலில் சொன்னால் கேட்பவர் திடுக்கிட்டுப் போவார்களே! அன்றாடச் செய்தி வாசிப்பு மெல்ல மெல்ல இளையவர்களிடம் போனது. அவருக்கு விழாக்களும் அரசு அறிக்கைகளும் மிஞ்சின. ஒரு காலத்தின் குரலாக ஆகிவிட்டவருக்கு அந்தக் காலம் முடிந்த பின் வேலை குறைவது தவிர்க்க முடியாதது என்றாலும், படிக்கும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆனால் 1978இலிருந்து அவர் நடத்திய நிகழ்ச்சி ஒன்று, என் பார்வையில், ஸ்டாலின் அறிக்கையை ஐந்து மணி நேரம் வாசித்ததைவிடப் பெரியது. போர் வீரர்கள் எழுதிய கடிதங்களை வானொலியில் வாசிக்கும் நிகழ்ச்சி. ஆயுள் முழுவதும் மேலிடத்திலிருந்து வந்த தாள்களை வாசித்தவர், சாகும்வரை சாதாரண மனிதர்களின் கையெழுத்தை வாசித்தார்.

◆ ‘சோவியத் யூனியனின் மக்கள் கலைஞர்’ என்பது அந்நாளில் நடிகர்களுக்கும் பாடகர்களுக்கும் தந்த மிக உயர்ந்த பட்டம். அதைப் பெற்ற முதல் வானொலி அறிவிப்பாளர் லெவித்தான். ஆண்டு 1980.

◆ 1983 ஆகஸ்ட் தொடக்கத்தில் ஓரியோல், பெல்கோரத் நகரங்களின் விடுதலைக்கு 40 ஆண்டு நிறைவு விழா. முதல் முழக்க ஆணையை வாசித்தவர் வராமல் எப்படி? இதயம் ஏற்கெனவே பலவீனம், வெயிலும் கடுமை. இருந்தும் புறப்பட்டுப் போனார். பெல்கோரத் வட்டாரத்தில், குர்ஸ்க் போரின் மிகப் பெரிய டாங்கிச் சண்டை நடந்த புரோஹரவ்கா வயல்வெளியில் பழைய வீரர்களோடு இருந்தபோது உடல்நிலை மோசமாகி, பெஸனவ்கா என்ற கிராமத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஆகஸ்ட் 4ஆம் தேதி, விடுதலை நாளுக்கு முந்தைய நாள், அங்கேயே காலமானார். வயது 68. மாஸ்கோவின் நவதேவிச்சி கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.